மணலில் எழுதிய பாடம்

விஜயதசமி நாளில் தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. கோயில்களிலும் பள்ளிகளிலும் அன்று நல்ல கூட்டம். குழந்தை அழும், தாத்தா கைப்பேசியில் படம் எடுப்பார், அரிசி மாலையில் பாயசத்துக்குப் போய்விடும். மறுநாள் அக்குழந்தையை யாரும் அரிசியின் முன் உட்கார வைப்பதில்லை. நாம் இங்கே பேச விரும்புவது அந்த மறுநாளைப் பற்றி.

ஒரு காலத்தில் இச்சடங்குக்கு மறுநாள் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. ஊர்த் திண்ணை ஒன்றில் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து, முன்னே பரப்பிய மணலில் விரலால் எழுத்தை வரைவார்கள். வரையும்போதே அதன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். ஆனா, ஆவன்னா, இனா, ஈயன்னா என்று வாய் சொல்ல, விரல் வளைய, காது கேட்க, கண் பார்க்க, ஒரே எழுத்து நான்கு வழிகளில் உள்ளே இறங்கும். எழுதி முடித்ததும் உள்ளங்கையால் தடவி அழித்துவிட்டு மீண்டும் எழுத வேண்டும். மாதக்கணக்கில் இது நடந்த பிறகே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். பின்னர் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை. மறுபுறம் எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாற்று. முந்திரி என்பது முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. அந்தச் சின்ன அளவிலிருந்து தொடங்கி அரைக்காணி, காணி, மா, மாகாணி என்று ஏறிச்செல்லும் கீழ்வாய் இலக்கத்தைப் பத்து வயதுப் பையன் தாளில்லாமல், மனத்தில் வைத்துப் பெருக்கினான் என்பதை இன்று நம் மாணவர்களிடம் சொன்னால் கட்டுக்கதை கேட்பதுபோல் கேட்கிறார்கள்.

எங்கள் பாட்டனார் அப்படிப்பட்ட திண்ணையில் படித்த கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர். அவர் படித்தது மூன்றே ஆண்டுகள். பிற்காலத்தில் அவருக்கு மூதுரையில் எத்தனை வெண்பா நினைவிலிருந்தது என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. நமக்கு நினைவிருப்பது வேறொன்று. களத்துமேட்டிலோ ஊருணிக்கரையிலோ குந்தியிருந்து யாரிடமாவது கணக்குப் பேசும்போது அவருடைய ஆள்காட்டி விரல் தானாகத் தரையில் எழுதிக்கொண்டிருக்கும். பேச்சு முடிந்து எழும்போது கையின் பக்கவாட்டால் அதை ஒரு தடவு தடவிவிட்டுத்தான் எழுவார். எழுதியதை அழிக்காமல் அவர் எழுந்ததே இல்லை. அப்படிச் செய்வது அவருக்கே தெரியாது என்பதை ஒருமுறை கேட்டபோதுதான் அறிந்தோம். "அப்படியா செய்யுறேன்?" என்று கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

வெண்பாக்கள் மறந்திருக்கலாம். அந்தத் தடவல் மறக்கவில்லை. ஒரு பாடம் ஒருவனுக்குள் எங்கே போய்த் தங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று நமக்குக் கிடைத்ததில்லை.

இந்த மணற்பாடத்தைக் கண்ணால் கண்டு எழுதிவைத்தவர்களில் பியெத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியப் பயணியைச் சொல்ல வேண்டும். 1623ஆம் ஆண்டு நவம்பரில் அவர் கெளதி நாயக்கர்களின் இக்கேரியில் இருந்தார். அது இன்றைய கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் உள்ளது. தமிழ்நாடு அன்று எனினும் முறை ஒன்றே. ஒரு கோயிலின் முன்மண்டபத்தில் நான்கு சிறுவர்கள் கணக்குப் பயில்வதை அவர் கண்டார். ஒருவன் பாடத்தை ராகமாக இழுத்துப் பாட, அப்படியே தரையில் பரப்பிய நுண்மணலில் விரலால் எழுதினான். மற்றவர்களும் சேர்ந்து பாடி எழுதினார்கள். தரை நிறைந்ததும் அழித்துவிட்டுப் புது மணல் தூவிக்கொண்டார்கள். ஆசிரியர் என்று அங்கு யாரும் இல்லை. ஐயம் வந்தால் யார் திருத்துவார் என்று அவர் கேட்டிருக்கிறார். நான்கு பேருமே ஒரே இடத்தில் மறந்துபோவது நடவாத காரியம். ஆகையால் ஒருவர் மறந்ததை மற்றவர் சொல்லிக் கொள்வோம் என்பது சிறுவர்களின் பதில். எளிய, உறுதியான முறை என்று அவர் வியந்து எழுதினார்.

நாம் வியப்பது அந்தப் பதிலில் இருக்கும் நம்பிக்கையைக் கண்டு. தன் மறதிக்கு அடுத்தவன் காவல் என்பதை அச்சிறுவர்களுக்கு யாரும் தனிப் பாடமாக நடத்தியிருக்க மாட்டார்கள். சேர்ந்து பாடிய பழக்கம் அதைக் கற்றுத் தந்திருக்கிறது.

எண்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து அதே மணலின் முன் ஓர் ஐரோப்பியரே வந்து உட்கார்ந்தார். டென்மார்க் அரசரின் ஆதரவில் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு அவர். வயது ஏறத்தாழ இருபத்து நான்கு. தமிழ் கற்பிக்கும் இலக்கணமோ அகராதியோ அவர் கையில் இல்லை. உள்ளூர் திண்ணைப் பள்ளியின் முதிய ஆசிரியரை அழைத்து, அவருடைய பள்ளியைத் தம் வீட்டிலேயே நடத்தும்படி கேட்டுக்கொண்டார். ஊர்ப் பிள்ளைகள் தரையில் அமர்ந்தார்கள். அவர்களோடு அவரும் அமர்ந்து மணலில் விரலால் எழுதினார். ஜெர்மனியில் ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்து, குருப்பட்டம் பெற்று, கடல் கடந்து பிறருக்குப் போதிக்க வந்தவர், ஐந்து வயதுப் பிள்ளையின் பக்கத்தில் குனிந்து ஆனா எழுதும் காட்சியைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். தமிழ் வரலாற்றில் ஓவியமாகத் தீட்டத் தக்க காட்சிகளுள் இதுவும் ஒன்று என்பது நம் கருத்து.

அவருடைய நாள் எப்படிக் கழிந்தது என்பது அவர் கடிதங்களால் தெரிகிறது. காலையில் முன்னாள் கற்ற சொற்களையும் தொடர்களையும் மறுபடி சொல்லிப் பார்ப்பது. பிறகு நண்பகல்வரை தமிழ் நூல்களை ஒரு முதிய புலவரின் துணையோடு வாசிப்பது. எழுத்தர் ஒருவர் உடனிருந்து குறித்துக்கொள்வார். உண்டு சிறிது ஓய்ந்தபின் மீண்டும் வாசிப்பு. இரவில் கண்ணுக்கு ஓய்வு கொடுத்து, பிறர் படிக்கக் கேட்பது. தம் பேச்சிலும் எழுத்திலும் பின்பற்ற விரும்பிய நூலை நூறு முறைகூட வாசித்திருக்கிறார். திண்ணையின் முறைதான் இது. அதைவிட வேறு இரகசியம் இல்லை.

இரண்டு ஆண்டுகளில் என்ன நேர்ந்தது என்று பாருங்கள். 1708இல் அவர் தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு ஓர் அட்டவணை எழுதினார். அதில் தமிழர் இயற்றிய நூல்கள் 119. அவ்வாண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். திண்ணைப் பிள்ளைகள் ஒப்பித்த நூல்களும் அவற்றுள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். இவற்றோடு அவர் எழுதிய ஒரு வாக்குமூலம் நமக்கு இன்னும் முக்கியம். இம்மக்கள் நாகரிகமற்றவர்கள், கல்வியோ ஒழுங்கோ அறியாதவர்கள் என்று ஐரோப்பியர் பலர் எண்ணுகிறார்கள். தாமும் வந்த புதிதில் அவ்வாறே எண்ணியதாகவும், மொழியைக் கற்றுப் பேசவும் வாசிக்கவும் தொடங்கிய பின்னர் அவ்வெண்ணம் தம்மைவிட்டு நீங்கியதாகவும் அவர் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். எந்த நாள், எந்த நூலைப் படித்தபோது நீங்கியது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது. ஆனா எழுதிய காலையா, நூறாவது வாசிப்பா என்று யார் பிரித்துச் சொல்வது?

இங்கே நாம் மிகைப்படுத்திவிடக் கூடாது. சீகன்பால்கு கடைசிவரை சமயப் பரப்பாளராகவே இருந்தார். தமிழரின் வழிபாட்டு முறைகளைக் கடுமையாகவே எழுதினார். அவரை 'நம்மவர்' ஆக்கி மாலை போடும் அவசரம் நமக்கில்லை. ஆனால் மாற்ற வந்தவர் மாறவும் செய்தார் என்பது உண்மை. அந்த மாற்றம் அவரை அனுப்பியவர்களுக்கு உவப்பாக இல்லை. தமிழரின் சமயத்தையும் தெய்வங்களையும் பற்றி 1711இலும் 1713இலும் அவர் எழுதிய இரு பெருநூல்கள் அவர் வாழ்நாளில் அச்சேறவே இல்லை. தெய்வங்களின் வரிசையைக் கூறும் நூல் 1867இல் சென்னையில் வெளிவந்தது. மற்றது 1926இல் ஆம்ஸ்டர்டாமில். அவரோ 1719இல், முப்பத்தாறு வயதில், தரங்கம்பாடியிலேயே இறந்துபோனார். ஐரோப்பா அவர் கற்றதைப் படிக்க நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. தினந்தோறும் மணலில் குனிந்தவருக்கு இரண்டு ஆண்டுகள் போதுமானதாயிருந்தது.

மணல் ஐரோப்பாவுக்குப் போகாமலும் இல்லை. அந்தக் கதை வேறு வகையானது. ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் விடுதியின் கண்காணிப்பாளரானார். அங்கிருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மார்க்கும் பிறந்த பிள்ளைகள். ஒருநாள் காலை குதிரையில் செல்லும்போது 'மலபார்' பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் மலபாரியர் என்றே எழுதினார்கள் என்பதை வாசகர் அறிவர். விடுதிக்குத் திரும்பி அப்படியே செய்யும்படி ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. பெரியவர்களை விட்டுவிட்டு ஜான் பிரிஸ்கென் என்ற எட்டு வயது மாணவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர்களால் முடியாது என்று சொன்னதை அச்சிறுவன் செய்து காட்டினான். நம் சட்டாம்பிள்ளை இவ்வாறுதான் ஆங்கிலக் கல்வி வரலாற்றுக்குள் நுழைந்தார்.

பெல் 1797இல் இலண்டனில் வெளியிட்ட சிறு நூலால் இது 'மதராஸ் முறை' எனப் பெயர் பெற்றது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதையொத்த முறையைக் கைக்கொள்ள, இருவருக்கும் யார் முன்னோடி என்ற சண்டையே மூண்டது. ஏழைப் பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் ஒரே கூடத்தில் அடைத்து, ஒரே ஆசிரியர், பல சட்டாம்பிள்ளைகள் என்று குறைந்த செலவில் படிக்க வைக்க முடிந்ததால் இங்கிலாந்துக்கு இது மிகப் பிடித்துப்போயிற்று. பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் உருவான 'மதராஸ் கல்லூரி' அதே பெயருடன் இன்றும் பள்ளியாக நடக்கிறது.

பெல்லின் விடுதிக்கு ஒரு நோக்கம் இருந்தது. அப்பிள்ளைகளை அவர்களின் தாய்மாரின் பழக்கவழக்கங்களிலிருந்து பிரித்தெடுத்து வேறு மனிதர்களாக வளர்ப்பது. அதற்குக் கையாண்ட கருவியோ அத்தாய்மாரின் தெருவிலிருந்து எடுத்தது. இந்த முரண் அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. சிறு பாடங்கள் ஆளை மாற்றும் என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார். ஆனால் மாறவேண்டியவர்கள் பிள்ளைகள் மட்டும் என்று எண்ணினார். சீகன்பால்குவுக்கும் அவருக்கும் உள்ள தூரம் இதுதான். ஒருவர் தரையில் உட்கார்ந்தார். மற்றவர் குதிரைமேலிருந்து பார்த்தார்.

திண்ணையைப் பற்றிப் பேசுவோர் இரு கட்சியாகப் பிரிந்திருப்பதை இலக்கியக் கூட்டங்களில் காண்கிறோம். ஒரு கட்சிக்கு அது பொற்காலம். மற்றதற்குப் பிரம்பும் மனப்பாடமும். இரண்டுக்கும் சான்று தருபவை சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பின் ஆவணங்கள். 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தின் மக்கள்தொகை 1,28,50,941, பள்ளிகள் 12,498, மாணவர் 1,88,650. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. வீட்டிலேயே படித்தவர்கள் இக்கணக்கில் வரவில்லை. தரம்பால் 1983இல் இவ்வாவணங்களைத் திரட்டி வெளியிட்டபோது, தமிழ் மாவட்டங்களில் படித்தவருள் பெரும்பான்மையோர் பிராமணர் அல்லர், சூத்திரர் என்று குறிக்கப்பட்ட சாதியினரே என்பது பலருக்கு வியப்பளித்தது.

பெல்லாரி ஆட்சியர் காம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை இவற்றுள் மிகச் சுவையானது. காலையில் பள்ளிக்கு முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதி என்று எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவனுக்குச் சுழியம். அவனுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. இப்படியே ஒவ்வொன்றாகக் கூடும். கடைசியாக வருபவனின் நிலையை எண்ணினால் நமக்கே கை கூசுகிறது. மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைப் புகழும் காம்பெல், பொருள் தெரியாமல் செய்யுளை ஒப்பிக்கும் வழக்கத்தைக் கண்டிக்கிறார். அவர் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்வோம். பொருள் தெரியாமல் ஒப்பித்தவர்களில் பெரும்பாலோருக்குப் பொருள் தெரியாமலே போயிருக்கும். ஆனால் சிலருக்கு அது இருபது வருடம் கழித்து, வயல்வரப்பிலோ சாவு வீட்டிலோ, திடீரென்று விளங்கியிருக்கும். அச்செய்யுள் ஏற்கெனவே உள்ளே இருந்தால்தானே விளங்குவதற்கு? இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்பவர் என்ற முறையில், பருவத் தேர்வு முடிந்த மறுவாரம் எதுவும் மிச்சமில்லாத மாணவர்களை ஆண்டுதோறும் கண்டுவருகிறோம். அவர்களுக்குப் பொருள் நன்றாகவே விளக்கப்பட்டிருந்தது.

நெசவாளர் தொழில் நசிந்ததாலும் வறுமை மிகுந்ததாலும் பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாமற்போகிறது என்றும் காம்பெல் எழுதுகிறார். ஆட்சியர் ஒருவர் தம் ஆட்சியைப் பற்றியே இவ்வளவு சொன்னது பெரிது. ஆனால் நம்மை நிறுத்தியது அவ்வறிக்கையின் வேறொரு வரி. பெல்லாரியில் 533 பள்ளிகள், 6,641 மாணவர்கள். அவர்களில் பெண் குழந்தைகள் அறுபது.

அறுபது பேர். மீதிப் பெண் குழந்தைகள் அந்தக் காலை வேளைகளில் எங்கே இருந்தார்கள்? களத்துமேட்டில் மரக்கால் பிடித்து நெல்லளந்த கைகளிலும் பல அந்தத் திண்ணையில் ஏற விடப்படாதவை. அவர்களின் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? தினந்தோறும் உட்கார்வது ஒருவனை ஆக்குகிறது என்றால், தினந்தோறும் வெளியே நிற்பதும் ஒருவனை ஏதோவொன்றாக ஆக்கத்தானே செய்யும். நெல்லிலக்கத்தை ஒப்பித்தவன் கணக்குப்பிள்ளையானான்; நெல்லை அளந்தவன் அவன் சொன்ன கணக்குக்குத் தலையாட்டினான். திண்ணை இரு சாராருக்கும் பாடம் நடத்திக்கொண்டுதான் இருந்தது. பொற்காலக் கட்சியினர் இதைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்வது, ஆவணத்தின் எண் அப்படி இருக்கிறது. சீகன்பால்கு 1707இலேயே தரங்கம்பாடியில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

விரலால் தரையில் எழுதிய பாட்டனாரைச் சொன்னோம். பாட்டியைச் சொல்லவில்லை.

எங்கள் பாட்டிக்குத் திண்ணை என்பது பெருக்கி மெழுகும் இடம். கடன் பத்திரத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் கைநாட்டு. ஆனால் விடிவதற்கு முன்பே வாசலில் சாணம் தெளித்துக் கோலமிடுவார். பதினைந்து புள்ளி, இடைப்புள்ளி எட்டு வரை என்றால் எண்ணாமல் வைப்பார்; ஒரு புள்ளி பிசகி நாம் கண்டதில்லை. பத்து வயதில் தொடங்கியிருந்தால் ஏறத்தாழ இருபதாயிரம் காலைகள். ஒவ்வொன்றும் மறுநாள் அழிந்தது. பாட்டனாரின் மணலைப் பற்றி இவ்வளவு எழுதுகிற நாம், பாட்டியின் வாசலை அதே வகைப் பாடமாக எண்ணிப் பார்க்க இத்தனை ஆண்டுகள் ஆயின என்பதைச் சற்று வெட்கத்துடனேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நமக்குப் பத்து வயது இருக்கும். பெண்கள் கூட்டங்கூட்டமாகச் சைக்கிள் பழகிய காலம் அது. எங்கள் தெருவிலும் மாலையில் வகுப்பு நடந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து பத்தாவது முடித்த ஒரு பெண் வந்து பாடம் சொல்லிக் கொடுப்பார். பாட்டி முதல் நாளே பலப்பத்தைக் கீழே வைத்துவிட்டார். "இது கைக்கு வரலை ஆத்தா" என்றார். சொல்லிக் கொடுத்த பெண் வற்புறுத்தவில்லை. பாட்டனார் அன்றிரவு முற்றத்தில் கொஞ்சம் மணல் கொட்டி வைத்தார். பாட்டி அதையும் தொடவில்லை. ஐந்தாறு நாள் சும்மா உட்கார்ந்து பிறர் எழுதுவதைப் பார்த்துவிட்டு வந்தார்.

பிறகு ஒருநாள் காலை, வழக்கமான கோலம் போட்டு முடித்து, மிச்சமிருந்த மாவில் கோலத்துக்குக் கீழே புள்ளி வைத்தார். அந்தப் புள்ளிகளை வளைத்துத் தம் பெயரை எழுதினார். பாட்டனார் திண்ணையிலிருந்து இறங்கி வந்து வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓர் எழுத்துக்குக் கொம்பு தவறியிருந்தது. அவர் சொல்லவில்லை. தெருவில் போனவர்கள் மிதிக்காமல் ஒதுங்கிப் போனார்கள்.

மறுநாள் விடியுமுன் பாட்டி எழுந்து சாணம் தெளித்தபோது, கோலத்தோடு சேர்த்து அதையும் பெருக்கிவிட்டு, கொம்பைச் சரியாகப் போட்டு மறுபடி எழுதினார்.